நாலு பைட் குறைகிறது

ஜூன் 3, செவ்வாய்

செண்பகா ஸ்கேன் சென்டர் வேலை முடிந்தது. கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனால் இந்த ஆபீசில் ஒரு வேலையையாவது நிம்மதியாக முடிக்க விடமாட்டார்கள். அதை எங்காவது எழுதிவைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அவர்களுக்குத் தென்காசியில் ஒரு கிளை. தலைமை இடம் இங்கே திருநெல்வேலி வண்ணார்பேட்டையில். தென்காசியில் ஸ்கேன் எடுத்தால் படம் இங்கே வர வேண்டும், இங்கிருக்கிற டாக்டர் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். இரண்டு இடத்தையும் எங்கள் கம்பெனியின் பைபர் லைன் வழியாகச் சேர்த்துக் கொடுப்பதுதான் வேலை. இதை என்னவென்று எங்கள் மேனேஜர் ஜெபராஜ் சாருக்கு இன்றைக்கும் ஒரு தடவை பாடம் எடுத்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார்.

அவர்களுடைய ஒவ்வொரு டேட்டா பாக்கெட்டும் ஒரு உறைக்குள்தான் வருகிறது. உறைமேல் அவர்கள் போட்ட விலான் எண், அதாவது எந்தப் பிரிவு என்று சொல்கிற எண், இருக்கும். ஸ்கேன் மிஷினுக்குப் பத்து, பில்லிங்குக்கு இருபது, போனுக்கு முப்பது. அதை நாங்கள் தொடக் கூடாது. அதே பத்தும் இருபதும் எங்கள் மற்ற கஸ்டமர்களிடமும் இருக்கும், கலந்தால் நாறிப்போகும். அதனால் அந்த உறையை அப்படியே இன்னொரு உறைக்குள் போட்டு மேலே 812 என்று எங்கள் எண்ணை எழுதி அனுப்புகிறோம். வழியில் ஊருக்கு ஒன்றாக இருக்கிற சுவிட்ச் பெட்டிகள் 812-ஐ மட்டும்தான் பார்க்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் வெளி உறையைக் கிழித்துவிட்டு உள்ளே இருப்பதைக் கொடுத்துவிடும். இந்த உறைக்கு எங்கள் பாஷையில் டேக். டேக்குக்கு மேல் டேக், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயம். வெளி உறை நாலு பைட் கனம். அந்த நாலு பைட்டும் நுழைகிற மாதிரி வழியில் உள்ள ஒவ்வொரு சுவிட்சிலும் பாக்கெட் அளவைக் கூட்டிவைக்க வேண்டும். எங்களிடம் இருப்பது பழைய மாடல். அளவைக் கூட்டி சேவ் செய்தால் மட்டும் போதாது, ரீஸ்டார்ட் செய்தால்தான் ஏறும். தென்காசி, பாவூர்சத்திரம், திருநெல்வேலி மூன்றும் செய்துவிட்டேன். ஆலங்குளத்தில் சேவ் மட்டும் செய்திருக்கிறேன், அந்த சுவிட்சில் ஒரு பேங்க்கின் லைனும் தொங்குகிறது. பகலில் நாலு நிமிஷம் நின்றாலும் அந்த பேங்க் மேனேஜர் ஊரைக் கூட்டிவிடுவார். ஆறு மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

நாலரைக்கெல்லாம் ஜெபராஜ் சார் தலைமேல் வந்து நின்றார். "உலகா, பார்ட்டி லைன்ல இருக்கான். வேலை முடிஞ்ச ஷீட்டக் கையெழுத்துப் போட்டு அனுப்பிரும்மா. பதினாறு கட்டத்துல டிக் போட எவ்வளவு நேரம் ஆவும்?"

பதினாறிலும் போட்டுக் கொடுத்தேன். என் பெயர் உலகம்மாள். ஒன்பது வருஷமாகச் சொல்கிறேன், உலகா என்று கூப்பிடாதீர்கள் என்று.

கோபத்தோடு ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி வந்துவிட்டேன். வீட்டில் மிக்ஸி ஓடவில்லை. சட்னி இல்லாமல் தோசை.

ஜூன் 5, வியாழன்

ஸ்கேன் சென்டரில் சிஸ்டம் பார்க்கிற தமீம் காலையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டுவிட்டான். இருபத்தாறு வயசு இருக்கும், ஏதோ ஆறு மாசக் கோர்ஸ் முடித்தவன்.

"மேடம், பில்லு போவுது. போன் பேசுது. ஸ்கேன் படம் மட்டும் பாதியில நின்னுருது."

"அப்ப லைன் நல்லா இருக்குனுதான அர்த்தம்? உங்க மிஷினப் பாருங்க தம்பி."

"மிஷின் நல்லாதான் இருக்கு மேடம். பழைய லைன்ல போச்சே."

பிங் அடித்து, அதாவது சின்னச் சோதனைப் பாக்கெட் அனுப்பி, பார்த்துச் சொன்னேன். நூற்றுக்கு நூறு போகிறது. இதற்குமேல் என்ன வேண்டுமாம்? ஒன்பது வருஷ அனுபவத்தை ஆறு மாசக் கோர்ஸ் கேள்வி கேட்கிறது.

ஜூன் 6, வெள்ளி

தென்காசியில் எடுக்கிற ஸ்கேன் படத்தையெல்லாம் பென் டிரைவில் போட்டு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறார்களாம். இங்கே புது பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் நின்று வாங்கிக்கொண்டு ஓடுகிறார். இதை ஜெபராஜ் சார் எல்லார் முன்னாலும் என்னிடம் சொல்லிச் சிரித்தார். "நம்ம பைபர விட பஸ்ஸு ஸ்பீடா இருக்காம் உலகா."

அவர் சிரித்ததில் எனக்குக் காது சுட்டது. நாலு சுவிட்சிலும் செட்டிங் எழுதிவைத்திருக்கிற கான்பிக்கைத் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அளவு கூட்டி எழுதியிருக்கிறது. ஆலங்குளத்திலும்தான். என் பக்கம் சுத்தம்.

ஜூன் 9, திங்கள்

மீட்டிங். செண்பகாக்காரர்கள் இந்த மாசக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்களாம். யார் என்ன செய்தது என்று ஜெபராஜ் சார் கேட்டார். நல்ல கேள்வி. எந்த சுவிட்சில் யார் நுழைந்தாலும் எல்லாருக்கும் ஒரே பொது ஐடி, ஒரே பாஸ்வேர்டு. பதிவைத் திறந்தால் எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்த மாதிரி இருக்கும். ஆளுக்கொரு ஐடி கொடுங்கள் என்று இரண்டு வருஷமாகக் கத்துகிறேன். "நாமெல்லாம் ஒரு குடும்பம்மா" என்பார். குடும்பமாம்!

ஆலங்குளம் போர்ட்டில் பதினாலு எரர் காட்டுகிறது. ஜூன் 2-ஆம் தேதி அங்கே ரோடு வேலையில் கேபிள் அறுந்து ஆவுடையப்பன் அண்ணாச்சி புதிதாக ஜாயிண்ட் போட்டிருக்கிறார். ஜாயிண்ட் சரியில்லாவிட்டால் பெரிய பாக்கெட்தான் முதலில் அடிபடும். சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். இந்த ஆபீசில் நான் சொல்லி எல்லாரும் தலையாட்டியது இதுதான் முதல் தடவை.

ஜூன் 10, செவ்வாய்

ஆவுடையப்பன் அண்ணாச்சி காண்டிராக்ட் ஆள். ஐம்பது வயசு. முக்கூடலிலிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் ஜாயிண்ட் மிஷினைக் கட்டிக்கொண்டு வருவார். இன்றைக்கு ஜாயிண்டை வெட்டித் திரும்பப் போட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

"மேடம், மீட்டர்ல லாஸு பாயிண்ட் ஜீரோ டூதான் காட்டுது. முன்னயும் அதான் காட்டிச்சு. கண்ணாடி மாதிரி இருக்கு."

"படம் போகல அண்ணாச்சி."

"படம் போவாததுக்கு ஜாயிண்டு என்ன செய்யும்? சின்னது போவுதுங்கீங்க, பெருசு போவலங்கீங்க. கண்ணாடிக்குள்ள வெளிச்சம் போவுது, அதுக்குச் சின்னது பெருசு தெரியுமா?"

எனக்கே பாடம். நாளைக்கு இன்னொரு தடவை வெட்டிப் போடச் சொன்னேன். ஜெபராஜ் சார் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, "இது ஜாயிண்டு கோளாறுதான்னு நீ எழுதிக் குடு. முப்பதாந்தேதியோட இவரு காண்டிராக்ட் முடியுது, புதுப்பிக்க வேண்டாம்" என்றார்.

அதெல்லாம் எழுத முடியாது என்றேன். இன்னும் பார்க்க வேண்டும் என்றேன்.

ஜூன் 11, புதன்

இரண்டாவது வெட்டு. ஒரு மணி நேரம் லைன் நின்றது. பேங்க்காரர் போனில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார். படம் போகவில்லை.

ஜூன் 12, வியாழன்

தமீம் நேரில் வந்துவிட்டான். ஒரு பேப்பரை நீட்டினான். பிங்கை ஒவ்வொரு அளவாக அடித்துப் பார்த்திருக்கிறான். இரவெல்லாம் உட்கார்ந்திருப்பான் போல, கண் சிவந்திருந்தது.

"மேடம், முழு அளவு 1472 போகணும், போகல. 1471 போகல. ஒண்ணு ஒண்ணா குறைச்சிட்டே வந்தேன். 1468 போவுது. அதுக்கு மேல ஒண்ணுகூடப் போவல. நாலு குறையுது மேடம். கரெக்டா நாலு."

நான் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜாயிண்டு போச்சுன்னா சில நேரம் போவும், சில நேரம் போவாது. இது கோடு கிழிச்ச மாதிரி நிக்கி. வழியில ஏதோ ஒரு சுவிட்சுல அளவு கம்மியா இருக்கு."

"நாலு சுவிட்சும் நான் போட்டது. எல்லாத்துலயும் அளவு எழுதியிருக்கு. வேணும்னா திறந்து காட்டட்டுமா?"

"காட்டுங்க மேடம்."

திறந்து காட்டினேன். எழுதியிருந்ததைப் பார்த்தான். பேப்பரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். திமிர் பிடித்தவன். நாலு என்பது எத்தனையோ காரணத்தால் வரலாம்.

ஜூன் 13, வெள்ளி

மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பாளை மார்க்கெட் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் கவிழ்த்து அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை ஒரு அழுத்து அழுத்தினார். ஓடியது. "பத்து நாளா இதுக்காவா சட்னி இல்லாம சாப்பிட்டீங்க?" என்று சிரித்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வீடு வரைக்கும் எரிச்சல் தீரவில்லை.

ஜூன் 14, சனி

லீவு. துணி துவைத்தேன். போர்வை, திரைச்சீலை எல்லாம்.

ஒரு சுவிட்ச் கடைசியாக ரீஸ்டார்ட் ஆகி எத்தனை நாள் ஆயிற்று என்று பார்க்க ஒரே ஒரு கமாண்ட் போதும். ஆலங்குளத்தில் அதை இன்னும் அடித்துப் பார்க்கவில்லை. லேப்டாப் பையிலேயே இருக்கிறது. லீவு நாளில் ஆபீஸ் வேலை பார்க்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

மூன்றாவது வெட்டு. நான்தான் சொன்னேன். மதியம் ஒரு மணி வெயில். அண்ணாச்சி ரோட்டோரத்தில் குடையை விரித்து, அதற்குள் தலையை விட்டு ஜாயிண்ட் போடுகிற போட்டோவை அவர்கூட உதவிக்குப் போன பையன் அனுப்பியிருந்தான். மீட்டர் படத்தை அண்ணாச்சியே அனுப்பினார். பாயிண்ட் ஜீரோ டூ.

"மேடம், நான் இருபத்திரெண்டு வருசமா போடுதேன். ஒரே ஜாயிண்ட மூணு தடவ வெட்டச் சொன்னது நீங்க ஒருத்திதான்."

"எனக்கு மேல சொல்லுதாங்க அண்ணாச்சி, நான் என்ன செய்ய?" என்றேன். மேலே யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஜெபராஜ் சார் அறையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். "ஆலங்குளம் ஜாயிண்டின் தரம் குறைவாக இருக்க வாய்ப்பு உள்ளது." வாய்ப்பு உள்ளது என்றுதான் எழுதினேன். தரம் குறைவு என்று எழுதவில்லை. இந்த வித்தியாசம்கூடப் புரியாத ஆளிடம் வேலை பார்ப்பது என் தலையெழுத்து.

ஜூன் 17, செவ்வாய்

அண்ணாச்சியைக் காண்டிராக்ட் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். முப்பதாம் தேதியோடு சரி. என் காகிதத்தைக் காட்டித்தான் எடுத்திருக்கிறார்கள். ஜெபராஜ் மாதிரி ஒரு கல்நெஞ்சுக்காரனை நான் பார்த்ததில்லை.

ஜூன் 19, வியாழன்

ஆலங்குளத்தில் இன்றைக்கு மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது முதல் ஐந்து வரை. எங்கள் பேட்டரி பதினோரு மணிக்கே உயிரை விட்டது, சுவிட்ச் அணைந்தது. பேங்க், ஸ்கேன் எல்லாம் நின்றது. ஒரு நல்ல பேட்டரி வாங்கிப் போட இவர்களுக்கு வக்கில்லை.

ஐந்து பத்துக்குத் தமீம் கூப்பிட்டான். கத்தினான்.

"மேடம்! படம் வந்துருச்சு! முழுசா வந்துருச்சு! 1472 போவுது!"

நல்லது தம்பி என்று வைத்துவிட்டேன். பாத்ரூம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

ஜூன் 20, வெள்ளி

ஜெபராஜ் சார் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். நேற்று மதியம் அவர் அண்ணாச்சியைக் கடைசியாக ஒரு தடவை ஆலங்குளத்துக்கு அனுப்பியிருக்கிறார், எனக்குத் தெரியாமல். "பாத்தியா உலகா, வேலை போயிரும்னதும் ஒழுங்கா போட்டுட்டாரு. அப்ப இவ்வளவு நாளா வேணும்னுதான் சொதப்பியிருக்காரு. நல்லவேளை எடுத்தோம்."

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"நான் நேத்து ஒண்ணும் வெட்டல மேடம். பெட்டிய தொறந்தேன், பாத்தேன், மூடுனேன். நாலாவது தடவ வெட்ட எனக்குக் கை வரல. கரண்டும் இல்ல, மீட்டர்கூட வைக்கல. இத யாருட்ட சொல்லியும் நம்ப மாட்டேங்கானுவ."

அந்தக் கமாண்டை இன்றைக்கு அடித்துப் பார்த்தேன். ஆலங்குளம் சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆகிப் பதினேழு மணி நேரம். நேற்று கரண்ட் வந்தபோது தானாக ரீஸ்டார்ட் ஆகி, நான் சேவ் செய்த அளவு ஏறியிருக்கிறது. அதற்கு முன்னால் எத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பழைய பதிவெல்லாம் கரண்ட்டோடு போய்விட்டது. போகாமல் இருந்திருந்தாலும் அதில் என் பெயர் இருக்காது, பொது ஐடிதான் இருக்கும். இரண்டு வருஷம் நான் திட்டித் தீர்த்த பொது ஐடி என்னைக் காப்பாற்றிவிட்டது. லட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 21, சனி

எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஜூன் 3-ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஆறு மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி வந்துவிட்டேன் என்று. பதினாறிலும் டிக் போட்டேன் என்று. பதினொன்றாவது கட்டம், நாலு சுவிட்சும் ரீஸ்டார்ட் செய்யப்பட்டது.

பேங்க் நாலு நிமிஷம் நிற்கக் கூடாது என்று விட்டேன். அப்புறம் அதே பேங்க்கை மூன்று தடவை ஒரு மணி நேரம் நிறுத்தினேன், ஒரு மனுஷனை நடுரோட்டில் உட்காரவைத்து நல்ல ஜாயிண்டை வெட்டச் சொல்லி. இத்தனை நாளும் ஜெபராஜைத் திட்டினேன், தமீமைத் திட்டினேன், மிக்ஸிக்காரரைக்கூட விடவில்லை. இன்றைக்கு என்மேலேயே வருகிற ஆத்திரத்தில் இந்த நோட்டைக் கிழித்துப் போடலாம் போல இருக்கிறது. கிழித்தால் ஒரே சாட்சியும் போய்விடும். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

போட்டோவைக் காட்டினேன். ஜெபராஜ் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.

"என்னைப் பத்தி இவ்வளவு எழுதி வச்சிருக்க."

"அது கெடக்கட்டும் சார். தப்பு என்மேலதான். ஜாயிண்டு நல்லாதான் இருந்துச்சு. அவரத் திரும்பப் பட்டியல்ல சேருங்க."

"லைன் ஓடுது, பார்ட்டி சந்தோசமா இருக்கான். இப்ப போயி இத ஏன் கிளறுத? ரீஸ்டார்ட் பண்ண மறந்துட்டோம்னு பார்ட்டிட்ட சொல்ல முடியுமா? உன் வேலைக்கே வேட்டு வச்சிக்கிடாத."

"நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

என் சீட்டில் வந்து உட்கார்ந்து மெயில் எழுதினேன். அவருக்கு, அவருக்கு மேலே இருக்கிற ஓனருக்கு, தமீமுக்கு. ஜூன் 16-இல் நான் எழுதிக் கொடுத்தது தவறு, காரணம் இது, செய்தது நான். போட்டோவையும் சேர்த்தேன். தமீம் ஒரே வரியில் பதில் போட்டான்: "நாலுன்னு சொன்னேனே மேடம்." மூன்று மணிக்கு ஓனர் கூப்பிட்டார். எனக்கு மெமோ, இந்த வருஷ இன்கிரிமெண்ட் கிடையாது. ஆவுடையப்பன் தொடரலாம்.

ஐந்து மணிக்கு அண்ணாச்சி வந்தார். செய்தி கேட்டு வந்திருக்கிறார். நன்றி சொல்ல வரவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என் மேஜைக்கு முன்னால் நின்றார். மேடம் என்று கூப்பிடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் தாயி. மொத ரெண்டு தடவைய விடு. மறதி எல்லாருக்கும் உள்ளதுதான். மூணாவது தடவ என்ன வெட்டச் சொன்னியே, அன்னைக்கி உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஆபீசே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியாது அண்ணாச்சி" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். சரி தாயி என்று போய்விட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் மறுபடி நோட்டை எடுத்தேன். ஜூன் 14-ஆம் தேதிப் பக்கம். போர்வை, திரைச்சீலை, திறக்காத லேப்டாப் பை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று தெரிந்துதானே பார்க்காமல் இருந்தேன். இந்தப் பக்கத்தை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

ஏழு மணிக்குப் போன் போட்டேன். வண்டியை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, நேத்து பொய் சொல்லிட்டேன். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

லாரிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அது எனக்கும் தெரியும்" என்றார். "நீ சொல்லுதியான்னு பாத்தேன். இனி ஆலங்குளம் பக்கம் வேலைன்னா நான் போறேன், போட்டுக் குடுக்கேன். ஆனா போன்ல நீ கூப்புடாத. வேற யாரையாச்சும் கூப்புடச் சொல்லு."

வைத்துவிட்டார். மிக்ஸியில் தேங்காயைப் போட்டு வைத்திருந்தேன். அரைக்காமலே ஆபீசுக்குக் கிளம்பினேன்.